முகம் தெளிந்த வருஷம்

அக்காவின் முகம் தெளிந்துவிட்டதாக முதலில் சொன்னது யார் என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாருமே சொன்னார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் பெண்கள் உடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். கோயில் வளவில் வேப்பமரத்தின் கீழே நின்று கொஞ்ச நேரம் பேசுவார்கள். அக்காவைச் சுற்றி அன்று ஒரு சின்னக் கூட்டம்.

"ஏளா, டீச்சருக்கு வயசு இறங்கிக்கிட்டே போவுது பாத்தியா?"

"மூஞ்சிக்கு என்னத்தத் தேய்க்கிய டீச்சர்? எங்களுக்கும் சொன்னா கொறஞ்சா போயிருவிய?"

"மகளக் கட்டிக் குடுத்தாச்சுலா, மனசுல பாரம் இல்ல. அதான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷம். அவள் வாழ்நாள் முழுக்க ஒல்லியாக இருந்தவள். கன்ன எலும்பு துருத்திய முகம், கழுத்தில் நரம்பு தெரியும். "டீச்சர், வீட்டுல சோறு போடுதாங்களா இல்லையா" என்று பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்பதை முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். அந்தக் கன்னங்கள் இப்போது உருண்டிருந்தன. தோல் பளபளத்தது. அதில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் திருநெல்வேலி அலுவலகத்தில் செய்தி மேசையில் இருந்தேன். செய்தியைச் சுருக்குவதும், தலைப்பு வைப்பதும், படத்தில் எதை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது என்று பார்ப்பதும் என் வேலை. அந்த வேலை கண்ணுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிடும். ஒரு ஆளைப் பார்த்தால் முகத்தோடு நிறுத்த முடியாது. அக்காவின் முகம் பருத்திருந்தது. தாலிக்கொடி பதியும் இடத்தில், கழுத்துக்குப் பின்னால், சதை திரண்டிருந்தது. ஆனால் ஜாக்கெட் கைக்குள்ளிருந்து வந்த இரண்டு கைகளும் முன்பைவிட மெலிந்திருந்தன. வலது மணிக்கட்டுக்கு மேலே, எங்கேயோ இடித்துக்கொண்டதுபோல் ஒரு ஊதா நிற ரத்தக்கட்டு. இன்னொன்று முழங்கைக்குப் பக்கத்தில்.

"எங்க இடிச்ச?" என்று கேட்டேன்.

"எங்கயும் இடிக்கலயேல. பஸ்ஸுல கம்பியப் பிடிச்சிருப்பேன்."

கம்பியைப் பிடித்தால் ரத்தம் கட்டாது. அன்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

*

ஜனவரியில் மேசைக்கு ஒரு செய்தி வந்தது. நாட்டு மக்களின் உடல்நிலை பற்றிய செய்தி. இந்த மாதிரிச் செய்தி அடிக்கடி வரும், பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். நாட்டில் எடை கூடிய பெண்கள் அதிகமாகியிருக்கிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நகரத்தைத் தாண்டிக் கிராமத்துக்குப் போய்விட்டன. உடலுழைப்பு குறைந்துவிட்டது, உணவுப் பழக்கம் மாறிவிட்டது. கடைசிப் பத்தியில் மட்டும், மருத்துவரிடம் போகாமல் கடையில் நேராக மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பெருகிவருவதாக ஒரு வரி இருந்தது. அன்று பக்கத்தில் பாதி நகைக்கடை விளம்பரம். செய்தியைக் கடைசியிலிருந்து வெட்டுவது மேசை வழக்கம். வெட்டியபின் 'பெண்களிடம் அதிகரிக்கும் உடல் பருமன்' என்று தலைப்பு வைத்து அனுப்பினோம்.

இப்படிப்பட்ட கணக்கெடுப்பில் அக்கா எந்தப் பக்கம் விழுவாள் என்று பின்னால் நான் யோசித்ததுண்டு. எடைக் கருவியில் ஏறி நின்றிருந்தால் அவளும் எடை கூடிய பெண்தான். தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து, சீவலப்பேரிப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போய், நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தி, திரும்பவும் பஸ் பிடித்து வருகிறவளுக்கு உடலுழைப்பு குறைவு என்று எழுதியிருப்பார்கள்.

எங்கள் வீட்டு ஆட்களிடமும் நாட்டின் போக்கு தெரிந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டியிருந்தார். அது நடையை எண்ணும், தூக்கத்தை அளக்கும், இதயத் துடிப்பைச் சொல்லும். காலையில் மைதானத்தைச் சுற்றி நடப்பார். நடை முடிந்ததும் அதே கூட்டத்தோடு வாசலில் நின்று உளுந்த வடையும் சர்க்கரை போட்ட டீயும். வெள்ளைச் சோற்றை விட்டுவிட்டார், ராத்திரி கோதுமைத் தோசை. வீட்டுக்கு வருகிறவர்களின் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்.

"மாப்ள, உனக்குத் தொப்பை விழுது. உங்கக்காவப் பாரு. ஒரு நடை கிடையாது, ஒரு பத்தியம் கிடையாது. மூஞ்சி எப்படி இருக்கு? அது அவுக குடும்ப வாகு."

"நானும் அதே குடும்பந்தான் அத்தான்."

"அதாம்ல எனக்கும் புரியல."

அக்கா உள்ளே சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் அவளால் அடுப்பு முன்னால் நிற்கவே முடியாது. மூட்டு வலி. பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதிருக்கிறாள். இப்போது ஸ்டூலிலிருந்து சட்டென்று எழுந்து சட்னியை எடுத்து வந்தாள்.

"மூட்டு வலி எப்படி இருக்கு?"

"போயே போச்சுல."

"எந்த டாக்டர்?"

அவள் அத்தானை ஒருமுறை பார்த்துவிட்டு, "டாக்டர் என்ன டாக்டர். செட்டுதான்" என்றாள்.

*

செட்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பொருள். மெடிக்கல் கடையில் போய் 'உடம்பு வலிக்கு ஒரு செட்டு' என்று கேட்டால், கடைக்காரர் அட்டையிலிருந்து பிதுக்கி வைத்த மாத்திரைகளை டப்பாக்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, வாயை மடித்துக் கொடுப்பார். ஒன்று ரோஸ் நிறம், ஒன்று மஞ்சள், ஒன்று பெரிய வெள்ளை. கூடவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. காய்ச்சலுக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு. அதில் எதற்கும் பெயர் கிடையாது. பெயர் அட்டையில் இருக்கும், அட்டை கடையின் குப்பைக் கூடையில் இருக்கும்.

இது வயல் வேலைக்குப் போகிற பெண்களின் மருந்து. பிசான நெல் நடவு நடக்கிற மாதங்களில் காலை முதல் குனிந்தே நிற்க வேண்டும். சாயங்காலம் கரையேறினால் இடுப்பு நிமிராது. ஒரு செட்டு போட்டால் மறுநாள் நடவுக்குப் போகலாம். போடாவிட்டால் போக முடியாது. அவ்வளவுதான் அதன் கணக்கு.

அக்காவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில், ஒரே சீட்டில் போய் வருகிறவர்கள். அமைப்பாளர் சைவ வேளாளக் குடும்பத்துப் பெண், அக்காவைவிட இளையவர், சத்தமாகப் பேசுவார், பஸ்ஸில் அவர் இருந்தால் கண்டக்டர் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் பெரிய பாத்திரங்களை இறக்கி ஏற்றிக் கையும் தோளும் போய்விட்டன. வயல் வேலைப் பெண்கள் அவருக்குச் சொன்னார்கள், அவர் அக்காவுக்குச் சொன்னார். "டீச்சர், ஒரு செட்டு போட்டுப் பாருங்க. அப்புறம் என்னயக் கோயில் கட்டிக் கும்பிடுவிய."

அக்கா ஒரு செட்டு போட்டாள். அன்று மாலை மாடிப்படியில் பிடிமானம் இல்லாமல் இறங்கினாள். அது நடந்தது போன வருஷம் ஈஸ்டர் முடிந்து. அதிலிருந்து தினமும் போடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் அந்த மெடிக்கல். அவள் கேட்கக்கூட வேண்டாம், அவளைக் கண்டதும் கவரை மடித்துவிடுவார்கள்.

எங்கள் பத்திரிகையில் முன்பு வாரம் ஒருமுறை கேள்வி பதில் எழுதிய டாக்டர் ஒருவர் இருந்தார். எழுத்தைச் சரிபார்த்தது நான். ஒரு பதிலில் அவர் எழுதியிருந்தது எனக்கு அன்று தோசை சாப்பிடும்போதே நினைவுக்கு வந்தது. முகம் மட்டும் உருண்டு, கை கால் மெலிந்து, பிடரியில் சதை வைத்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டினால், அது ஆரோக்கியம் அல்ல, சில மாத்திரைகளின் வேலை.

*

மறுவாரம் நானே அந்தக் கடைக்குப் போனேன். பகல் நேரம், கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு, கழுத்தில் துண்டு.

"உடம்பு வலிக்கு ஒரு செட்டு."

"யாருக்கு அண்ணாச்சி? உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"வேல என்ன பாக்கிய?"

"உக்காந்து எழுதுத வேல."

"அப்போ உங்களுக்கு எதுக்கு வே செட்டு? வெந்நீர ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனாலும் கை டப்பாக்களுக்குப் போய்விட்டது.

கவர் என் கைக்கு வந்தபின் அதைப் பிரித்துச் சின்ன வெள்ளை மாத்திரையைக் காட்டினேன். "இது என்ன மாத்திரை?"

அவர் முகம் மாறவில்லை. துண்டை எடுத்துக் கண்ணாடி மேசையைத் துடைத்தார்.

"அது இருந்தாத்தான் செட்டு கேக்கும்."

"பேரு?"

"பேரத் தெரிஞ்சி நீங்க என்ன செய்யப் போறிய? இங்கன வாரவங்க யாரும் பேரு கேக்கல. வலி போகணும்னு கேக்காங்க. நான் குடுக்கேன். நான் குடுக்கலன்னா அங்கன எதுத்த கடைல குடுப்பான், இன்னும் ஒண்ணு கூடப் போட்டுக் குடுப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் போவும். நாத்து ஒரு நாள் நிக்குமா?"

எனக்கு அவர் தவறான ஆளாகத் தோன்றவில்லை. அதுதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது.

கவரை அப்படியே அந்த டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் மாத்திரைகளை மேசை விரிப்பில் கொட்டி, சின்னதை மட்டும் விரலால் தனியாக ஒதுக்கினார்.

"இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. உங்கக்கா இத எவ்வளவு காலமாப் போடுதாங்க?"

"ஈஸ்டர்ல இருந்து."

"நடுவுல விட்டாங்களா?"

"இல்ல. தினமும்."

அவர் பத்திரிகைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நம்ம உடம்புக்குள்ளயே இந்தச் சத்து சுரக்கும். வெளிய இருந்து தினமும் வந்துக்கிட்டே இருந்தா உள்ள இருக்க சுரப்பி வேலைய நிறுத்திரும். இத்தனை மாசம் வேலை செய்யாத சுரப்பி ஒரே நாள்ல எந்திரிக்காது. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். இது கெட்டதுன்னு பயமுறுத்தி உடனே நிறுத்தச் சொல்லிராதீங்க. நிறுத்தினா ஆள் விழுந்துருவாங்க. அந்த நேரத்துல ஒரு காய்ச்சல் வந்தாப் போதும், உயிருக்கே ஆபத்து. கூட்டிட்டு வாங்க. அளவு பார்த்து, பைய பையக் குறைக்கணும்."

அன்று மாலையே நான் அக்காவிடம் இதைச் சொன்னேன். டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். முதலில் நிறுத்தக் கூடாது என்பதை, பிறகு ஏன் என்பதை. அவள் கவனமாகக் கேட்டாள். ஆசிரியை, கேட்கத் தெரிந்தவள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னல சொல்லுத? இது கெட்ட மாத்திரை, ஆனா விடக்கூடாது."

"உடனே விடக்கூடாது. பைய விடணும்."

"கெட்டதுன்னா விடணும். கெட்டதப் பைய விடுங்கியே, இது என்ன ஞாயம்? பாவத்த யாராவது கொஞ்சங் கொஞ்சமா விடுவாங்களா? இன்னைக்கு ரெண்டு பொய், நாளைக்கு ஒரு பொய், நாளக் கழிச்சு அரைப் பொய்யா?"

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அது நல்ல கேள்வி. நாங்கள் வளர்ந்த வீட்டில் மனந்திரும்புதல் என்றால் ஒரு நாளில் நடப்பது. குடியை விட்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டு விட்டவர்கள். சபையில் எழுந்து சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் 'அன்றைக்கே விட்டேன்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன் என்று எவரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் டாக்டரிடம் வருவதாக ஒத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துத் தேர்வு வேலைகள் முடியட்டும் என்றாள். அதுவரை தினமும் போடு, ஒரு நாளும் விடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரிடா சாமி" என்றாள்.

*

சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து தொடங்கும் நாள். எங்கள் சபையில் அந்த நாட்களில் எல்லாரும் எதையாவது விடுவார்கள். சிலர் கறி மீன், சிலர் தலையில் பூ. சீரியல் பார்ப்பதை விடுகிறவர்கள் உண்டு. அத்தான் வடையை விட்டார், அதைக் கடிகாரத்திலும் ஏற்றிக்கொண்டார். எதை விட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அது பெருமைக்குச் செய்ததாகிவிடும். அத்தானைத் தவிர எல்லாரும் அந்த முறையைக் கடைப்பிடித்தார்கள்.

முதல் வாரம் அக்காவைக் கோயிலில் பார்த்தேன். கொஞ்சம் சோர்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் மதிய உபவாசக் கூடுகையில் பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பாடினாள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் காலை முதல் சாப்பிடாமல் வருவார்கள், ஆகவே அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. முகத்தின் உருட்சி வாடத் தொடங்கியிருந்தது.

"லெந்துல டீச்சர் மெலிஞ்சிட்டாங்க."

"உபவாசம்னா அப்படித்தான். ஈஸ்டர் வரட்டும், தேறிருவாங்க."

நான் போனில் கேட்டேன். வயிற்றைப் புரட்டுகிறது, வெறும் வயிற்றில் இருப்பதால் என்றாள். தலை சுற்றுகிறது, வெயில் என்றாள். பங்குனி வெயில் அந்த வருஷம் முன்னதாகவே அடித்தது. அவள் சொன்ன ஒவ்வொரு காரணமும் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தது. மேசையில் எனக்கு வரும் செய்தியில் இப்படி எல்லாக் காரணமும் பொருந்தி வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை காலையில் போனேன். அத்தான் நடை முடிந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளாக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கெல்லாம் சளி. தூங்குதா, எழுப்பாத" என்றார்.

அவள் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டுத் திரும்பினாள். உதடு வெளிறியிருந்தது. எழுந்து உட்கார முயன்றாள், பாதியில் திரும்பவும் சாய்ந்துவிட்டாள். பழைய கன்ன எலும்புகள் திரும்பி வந்திருந்தன.

"மாத்திரை போட்டியா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, அந்தச் செட்டு. இன்னைக்குப் போட்டியா?"

"கேக்காதல."

"நேத்து போட்டியா?"

"லெந்து நாள்ல என்கிட்ட அதக் கேக்காத." கண்ணை மூடிக்கொண்டாள். "பொய் சொல்ல வைக்காத."

அதில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவளால் பொய் சொல்ல முடியாது, எதை விட்டாள் என்று சொல்லவும் கூடாது. சாம்பல் புதனிலிருந்தே விட்டிருக்கிறாள். அவளுக்கு அதைவிடப் பிடித்த பொருள் அந்த வருஷத்தில் வேறு இருக்கவில்லை. வலியில்லாமல் நடப்பதைத்தான் அவள் கர்த்தருக்குக் கொடுத்திருக்கிறாள்.

அத்தான் வாசலில் வந்து நின்றார். "என்ன மாப்ள?"

"ஆட்டோவக் கூப்பிடுங்க."

"காய்ச்சல்தான மாப்ள. டீயப் போட்டுக் குடுத்தா..."

"அத்தான், ஆட்டோ."

ஆட்டோவில் ஏற்றும்போது அவள் கால் தரையில் நிற்கவில்லை. திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது தலை என் தோளில் விழுந்து அப்படியே கிடந்தது. கூப்பிட்டேன். "உம்" என்றாள். அடுத்த முறை கூப்பிட்டபோது சத்தம் வரவில்லை. அத்தான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏனோ தன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் இளம் டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, ஒருமுறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"செட்டு" என்றார் அத்தான்.

"என்ன மாத்திரைன்னு கேக்கேன்."

"செட்டுதான் சார். மெடிக்கல்ல குடுப்பாங்கலா, கவர்ல."

நான் குறுக்கிட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஸ்டீராய்டு, சாம்பல் புதனில் நிறுத்தம், இரண்டு நாள் காய்ச்சல் என்று மூன்றையும் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தது ஒரு கணம்தான். நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்கு இந்த விஷயம் தெரியாமல் போயிருந்தால், அத்தான் சொன்ன விடையோடு அவர்கள் காய்ச்சலுக்கு மருத்துவம் பார்த்திருப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. பெயரில்லாத மருந்தை நிறுத்தியதற்கு யார் என்ன மருத்துவம் பார்ப்பார்கள்?

*

அவள் பிழைத்தாள். அன்று மாலைக்குள் கண் திறந்தாள், மறுநாள் கஞ்சி கேட்டாள். நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நர்ஸ் கொண்டுவந்தபோது அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பெயர் அச்சிட்ட அட்டையிலிருந்து பிதுக்கியது, ஆனால் அதே மாதிரிச் சின்ன வெள்ளை மாத்திரை. இதைப் பல மாதம் போட வேண்டும், மிக மெதுவாகத்தான் குறைப்பார்கள், காய்ச்சல் வந்தால் கூட்டவும் வேண்டியிருக்கும், உள்ளே சுரப்பி எப்போது முழுக்க எழும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார்கள். மூட்டு வலி அதன் முழு பலத்தோடு திரும்பியிருந்தது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போடும்போது பல்லைக் கடித்தாள்.

"ஐயர் வந்தாரா?" என்று கேட்டாள். எங்கள் சபையின் குருவானவரை ஐயர் என்போம்.

"வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. நீ தூங்குன."

"விட்டத மறுபடி எடுத்தா குத்தமான்னு கேக்கணும்."

"டாக்டர் குடுத்தா குத்தமில்ல."

"நீ ஐயராடா?" என்றாள். ஆனால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் சத்துணவு அமைப்பாளர் வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சு. வார்டு மூன்றாம் மாடி. லிஃப்டில் கூட்டம் என்று படியேறி வந்திருக்கிறார். கதவருகிலேயே நின்று மூச்சு வாங்கினார். அவர் முகமும் உருண்டு பளபளவென்று இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அதற்கு முன் அவரை பஸ் ஜன்னலுக்குப் பின்னால்தான் பார்த்திருந்தேன்.

"என்ன டீச்சர், எங்களயெல்லாம் இப்படியா பயமுறுத்துவிய? மயக்கம் போட்டு விழுந்திட்டியன்னு சொன்னாங்க. நான் பள்ளிக்கூடத்துல அடுப்ப அணச்சிட்டு வந்திட்டேன். இன்னைக்கு முட்டை அவிக்கல, பிள்ளைக என்னய ஏசிக்கிட்டு இருக்கும்."

அக்கா சிரித்தாள். "இரு. உக்காரு."

அமைப்பாளர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை நிற்கவில்லை. "படியேறுனதுல தலை கிறுகிறுங்குது. ஒரு வேளைதான சாப்பாடு."

"ஏன் ஒரு வேளை?"

"பங்குனி உத்திரம் வருதுலா. எங்க சாஸ்தா கோயிலுக்குப் போகணும், ஆழ்வார்குறிச்சி தாண்டி மலையடிவாரத்துல. மாசம் பிறந்ததுல இருந்து விரதம்."

திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போகாத குடும்பம் குறைவு. விரதம் இருப்பவர்கள் கடுமையாக இருப்பார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு ஊதா நிற ரத்தக்கட்டு.

"விரதத்துல என்னெல்லாம் விடுவிய?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"எல்லாந்தான் சார். கறி மீன் எங்க வீட்டுல எப்பவுமே கிடையாது. வெளிச் சாப்பாடு இல்ல, காபி இல்ல, மருந்து மாத்திரை ஒண்ணும் கிடையாது. சாமிக்கு இருக்கும்போது உடம்பு சுத்தமா இருக்கணும்லா. மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து செட்டையும் விட்டுட்டேன். ரெண்டு நாளா லேசாக் காய்ச்சல்தான். அதுவும் சாமி சோதிக்குறதுதான்." சொல்லிவிட்டு எழுந்தார். "சரி டீச்சர், பஸ்ஸு போயிரும், நான்..."

அக்காவின் கை போர்வைக்குள்ளிருந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஊசிக் குழாய் இழுபட்டு, சலைன் பாட்டில் கம்பியில் ஆடியது.

"எந்திரிக்காத. ஏளா, உக்காரு." பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏல, நர்ஸக் கூப்பிடு" என்றாள்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். நர்ஸ் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"எந்த பெட் சார்?"

"பெட் இல்ல. பாக்க வந்தவங்க."

"பாக்க வந்தவங்களுக்கு முடியலன்னா கீழ ஓ.பி.க்குப் போகச் சொல்லுங்க. லிஃப்ட் அந்தப் பக்கம்."

எனக்குப் பின்னால் வார்டிலிருந்து அமைப்பாளரின் சத்தம் கேட்டது. "விடுங்க டீச்சர், எனக்கு ஒண்ணுமில்ல, விரதம்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டூல் தரையில் உரசியது. நான் நர்ஸின் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவள் எழுதுவதை நிறுத்தும்படி நின்று, ஸ்டீராய்டு, நிறுத்தம், காய்ச்சல் என்று அந்த மூன்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.